காலியாக விட்ட இடம்

அந்த அம்மாவின் வேலை என்ன என்று எங்கள் தெருவில் யாராலும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. என் மாமியார் பலமுறை முயன்று தோற்றார்.

"படம் வரைவாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

"இல்ல."

"வாங்கி விப்பாங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்ப இன்னாதான் பண்றாங்க?"

"மத்தவங்க செஞ்சத பாப்பாங்க. பாத்துட்டு, இது வரட்டும், இது வாணாம்னுவாங்க."

"அதுக்கு சம்பளமா?"

"சம்பளம் மட்டுமா? ஏரோப்ளேன் டிக்கெட்டு வேற."

பக்கத்து வீட்டுக்காரி மீன் செதிலைக் கையிலிருந்து தட்டிவிட்டபடி, "எங்கூட்டுக்காரன் அதத்தான தெனமும் சொம்மா செய்றான்" என்பாள்.

இத்தனைக்கும் அந்த அம்மா வேற்றூர்க்காரர் இல்லை. ராயபுரத்திலேயே, எங்கள் கோயிலுக்குப் பின்தெருவில் பிறந்தவர். அவருடைய அண்ணன் துறைமுகத்தில், ஆர்பர் ஆபீசில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருவார். தங்கை கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கடல் கடந்துபோய், ஐரோப்பாவில் ஒரு மியூசியத்தில் க்யூரேட்டர் ஆகிவிட்டார். புதுக் கலைக்கென்று அங்கே பெரிய கண்காட்சிகள் நடக்கும். அதற்கு எந்த நாட்டிலிருந்து எதைக் கொண்டுவருவது, வந்ததை எந்த மூலையில் நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. அறுபதுகளின் கடைசியில் மார்கழி சமயமாகப் பார்த்து மெட்ராஸ் வருவார். அவர் இருந்த ஊரின் பெயரை எத்தனை முறை சொன்னாலும் என் மாமியாருக்கு அது லண்டன்தான்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அவர் நிற்பதுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். உட்காரச் சொன்னால் காதில் விழாது. அவரை யாராலும் அவசரப்படுத்த முடியாது. கூடவே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இம்சை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் கப்பல் ரிப்பேர் பட்டறையில் வெல்டர். பட்டறையில் கழித்துப்போடும் தகடு, அறுந்த நங்கூரச் சங்கிலி, பாய்லர் குழாய் இதையெல்லாம் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்து, பின்கட்டில் வைத்து ஒட்டிக்கொண்டே இருப்பார். அப்படி ஆளுயரத்துக்கு ஒன்று செய்திருந்தார். குனிந்து தரையில் எதையோ தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். "உங்கப்பன் குடிச்சிட்டு செருப்பு தேடுற மாதிரியே கீது" என்று என் மாமியார் அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஒட்டி முடித்ததோடு இவர் விடவில்லை. இரண்டு மழைக்காலம் அதை வெட்டவெளியில் போட்டு, காசிமேட்டிலிருந்து கடல் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றி ஊற்றித் துருப்பிடிக்க வைத்தார். குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் சண்டை போடுகிற வீட்டில் இரும்புக்குக் குளிப்பாட்டல் நடந்தது. நான் திட்டாத நாள் கிடையாது. ஆனால் துருவில் மஞ்சளும், கருப்பும், காய்ந்த ரத்த நிறமும் தனித்தனியாக உண்டு என்பதை அந்த இரும்பைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் சொல்லித்தான் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நேராகப் பின்கட்டுக்குப் போய் அந்த இரும்பின் முன்னால் நின்றுவிட்டார். நான் சோறு வடித்தேன், குழம்பு இறக்கினேன், வறுவலும் வறுத்தாயிற்று. எல்லாம் ஆறியது. அந்த அம்மா நகரவில்லை. இவர் சுவரோரமாக நின்றுகொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

என் மாமியார் பொறுமை இழந்து, காதில் விழட்டும் என்றே சொன்னார். "பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்கம்மா."

அந்த அம்மா திரும்பவில்லை. வெயில் சுவரில் ஏறிய பிறகுதான் கையை அவிழ்த்தார்.

"தம்பி, இது வரட்டும்" என்றார்.

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றோ, ஏன் வரட்டும் என்றோ ஒரு வார்த்தை இல்லை. உள்ளே வந்து ஆறிய சோற்றைப் பசித்தவர் மாதிரி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். இரும்பு அந்தக் கண்காட்சியில் நின்றால், இவர் அங்கே போய் ஒரு வருஷம் தங்கி வேலை செய்ய ஒரு பட்டறை கிடைக்கும். அதற்குப் பேசி வைத்திருக்கிறேன் என்றார்.

எனக்குக் கண்காட்சி பெரிதாகப் படவில்லை. அந்த ஒரு வருஷம்தான் பெரிதாகப் பட்டது. வெல்டிங் வெளிச்சம் இவருடைய கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தால் கண் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்து நீர் வடியும். ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். இப்படியே போனால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே போனால் இப்படி நாளெல்லாம் வெல்டிங் அடிக்க வேண்டாம். இந்தப் பட்டறையை விட்டு இவர் வெளியே போக அந்த இரும்பு ஒன்றுதான் வழி என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த அம்மாவோடு மீன் வாங்கப் போனால் நமக்குத்தான் மானம் போகும். ஒருமுறை காசிமேட்டில் ஒரு கூடைக்கு முன்னால் நின்று வஞ்சிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்குனா வாங்கு, இல்லனா நவுரு. வெயில்ல மீனு நாறிகினு கீது" என்றாள் மீன்காரி.

அந்த அம்மாவும் அதே பாஷையில், "நாறட்டும் ஆயா. நான் இன்னும் முடிவு பண்ணல" என்றார்.

மீன்காரி எதிர்பார்க்கவில்லை. "எந்த ஏரியா நீ?" என்று கேட்டு, பிறகு சிரித்துவிட்டாள். மீன் வாங்காமலேயே வந்தோம்.

அவரே சாப்பிடும்போது ஒருமுறை சொன்னார். அந்த ஊரில் ஒரு கண்காட்சி திறப்புக்கு மந்திரி வந்துவிட்டாராம். ஒரு சுவரில் எந்தப் படம் என்று அந்த அம்மாவுக்கு இன்னும் முடிவாகவில்லை. உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டார். மந்திரி கோட்டும் தொப்பியுமாக மழையில் நின்றார். மேலதிகாரி கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போய், "அடுத்த தடவை இப்படிச் செய்தால் வேலை போய்விடும்" என்று கத்தினாராம்.

"போயிருந்தா?" என்று கேட்டேன்.

"போயிருக்கும்" என்றார், முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. இவருடைய கண் இந்த அம்மாவின் கையில் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

கப்பல் ஏற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், லீவு நாளில் கோயில் பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்கி, அந்த வெளிநாட்டு மண்டபத்தைச் சுண்ணாம்பில் அதே அளவுக்குத் தரையில் கோடு போட்டார். எது எங்கே நிற்கும் என்று காட்ட ஓர் இடத்தில் ஸ்டூல், ஓர் இடத்தில் தவலை, ஓர் இடத்தில் கவிழ்த்த கூடை. எங்களையெல்லாம் வாசல் வழியாக வரச்சொல்லி நடக்கவிட்டார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிய கோழியைக்கூட விரட்டினார். நடுவில் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அங்கே எதையும் வைக்கவில்லை.

"இது தம்பியோடது" என்றார். "மத்ததெல்லாம் இதைப் பாத்துத்தான் நிக்கும்."

இவர் அந்த வட்டத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

பிறகுதான் அந்தக் கோளாறு நடந்தது. எங்கள் சந்தில் பெட்டி அடிக்க இடம் கிடையாது என்று இரும்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி அடித்துத் தருவதாக மேஸ்திரியும் மற்ற ஆட்களும் தாங்களாகவே ஏற்றுக்கொண்டார்கள். இவருக்கு அன்று வேறொரு கப்பலுக்குள் வேலை. திரும்பி வந்து பார்த்தால், இரும்பு தலையிலிருந்து கால் வரை செக்கச்செவேலென்று நிற்கிறது. துருவையெல்லாம் தட்டிச் சுரண்டி எடுத்துவிட்டு துரு பிடிக்காமல் காக்கும் சிவப்புப் பெயிண்டு, ரெட் ஆக்சைடு அடித்திருந்தார்கள்.

"கடலுக்குப் போற இரும்ப மொட்டையா அனுப்புவாங்களா நைனா?" என்றாராம் மேஸ்திரி. "வேல முடிஞ்சி யாரும் வூட்டுக்குப் போவல. எல்லாரும் சேந்து ரெண்டு கோட்டு அடிச்சிகீறோம். இனிமே அதுக்கு சாவே கெடையாது."

அவர்கள் தொழிலில் அதுதான் முறை. துருப்பிடித்த எதுவும் அந்தப் பட்டறையிலிருந்து அப்படியே கடலுக்குப் போனதில்லை. துரு என்றால் கப்பலுக்குச் சாவு. இவர் இரண்டு மழைக்காலம் ஊற்றி வளர்த்ததை, தோழன் வெளிநாடு போகப்போகிறான் என்ற சந்தோஷத்தில் ஒரு மாலையில் சுரண்டி எடுத்துவிட்டார்கள். கையெல்லாம் சிவப்பு அப்பிக்கொண்டு, இவர் என்ன சொல்லப்போகிறார் என்று வரிசையாக நின்றார்களாம்.

"நல்லாகீது" என்று சொல்லிவிட்டு வந்தார் இவர். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லும்போதுதான் அழுதார்.

மறுநாள் ஆர்பர் ஷெட்டில் அந்த அம்மா அதைப் பார்த்தார். நானும் மேஸ்திரியும் போயிருந்தோம். பெட்டியின் ஒரு பக்கப் பலகை இன்னும் அடிக்கவில்லை. அந்தத் திறப்பின் வழியாக ஒரு முறை பார்த்தார். கை பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. எனக்கு உயிர் போய்விட்டது.

அவர் மற்றவர்களிடம் எடுத்திருந்த வேலைகளின் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிரேனில் ஏறின. ஷெட்டுக்காரர் வந்து, "அம்மா, இதயும் அனுப்புறதா இல்லியா?" என்று கேட்டார். அந்த அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கிட்டே போய்க் கெஞ்சினார்.

"அக்கா, நான் இப்பவே தட்டி எடுத்துட்றேன். உப்புத்தண்ணி ஊத்திவுட்டா போற வழியிலயே துரு புடிச்சிக்கும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும், தம்பி."

"அப்ப வாணாம்னாவது சொல்லிடுங்கக்கா."

"அதுவும் இன்னும் தெரியல."

அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "இந்தாம்மா, சரக்கறையை மூடப் போறாங்க. உனக்காகக் கப்பல் நிக்காது."

"நிக்க வேணாம்ணே" என்றார்.

பெட்டியைச் சுற்றி வந்தார். உள்ளே கையை விட்டுச் சங்கிலி மடிப்பில் தடவினார். விரலில் சிவப்பு ஒட்டியது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அடியிலயும் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"அடிக்காம? தண்ணி அங்கதானம்மா தங்கும்."

மறுபடியும் நின்றார். கப்பல் ஊதியது. கூலியாட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். கப்பல் கரையை விட்டு விலகுவதை நான் பார்த்தேன், இவர் பார்த்தார், மேஸ்திரி பார்த்தார். அந்த அம்மா ஒருவர்தான் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கப்பல் துறைமுக வாயைத் தாண்டிய பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்படியே போகட்டும். செவப்பாவே."

நான் கத்திவிட்டேன். "அரை மணிக்கு முன்னாடி சொல்லியிருந்தா என்னக்கா?"

"அரை மணிக்கு முன்னாடி எனக்குத் தெரியலையேம்மா" என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. உண்மையைச் சொல்லும் முகம். அதுதான் என்னை இன்னும் எரித்தது.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செவப்பாவா? வாணாம்கா. அங்க நிக்கறது என் கை வேலயா இருக்காது. பெயிண்ட் அடிக்கறவன்னு சிரிப்பாங்க."

அந்த அம்மா வற்புறுத்தவில்லை. "அடுத்த கப்பல் இருக்கு. அதுக்கடுத்ததும் இருக்கு. உங்க இரும்பு, உங்க முடிவு. உங்க இடம் அங்கேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. இரும்பு திறந்த பெட்டியோடு மறுபடி பின்கட்டுக்கு வந்தது. ஒரு நாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு போவார். ஓர் அடி அடிப்பார். மேஸ்திரியின் முகம் ஞாபகம் வந்ததோ என்னவோ, வைத்துவிட்டு வந்துவிடுவார். பட்டறை ஆட்கள் வழியில் பார்த்தால், "எப்ப நைனா ஏத்தற? பெயிண்ட்டு தாங்குதா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அடுத்த கப்பல் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று.

"செவப்பா அனுப்புங்க, இல்ல சுரண்டிட்டு அனுப்புங்க. ஏதோ ஒண்ணு பண்ணித் தொலைங்க" என்று நான் கூச்சல் போடுவேன்.

"இர்றீ" என்பார். கண்ணில் ஈரத்துணி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் எங்களை வாசலில் நிறுத்தினார். கண்காட்சி திறந்துவிட்டதாம். நடுவில் அந்த இடம் காலியாக இருக்கிறதாம். தரையில் இவருடைய பெயரும் ஊர்ப்பெயரும் எழுதிய அட்டை மட்டும் இருக்கிறதாம். வருகிறவர்கள் வாசலில் நுழைந்ததும் வெறுந்தரையைப் பார்த்துவிட்டு, இதுதான் கலையா என்று கேலி செய்கிறார்களாம். பத்திரிகைக்காரர்களும் கிழித்துவிட்டார்களாம். வேறு எதையாவது தூக்கி அங்கே வை என்று மேலிடத்தில் உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

"வெச்சாங்களா?" என்றார் இவர்.

"எங்க வெச்சா? வர்றது கடல்ல வந்துகினு கீதுன்னு சொல்லிட்டு நிக்குறா" என்றார் அண்ணன். அவருக்கும் இவர் மேல் கோபம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

இவர் அன்று சாப்பிடவில்லை. ஆனால் அப்போதும் பெட்டியை மூடவில்லை. கண்காட்சி முடிகிற நாள் வரை அந்த அம்மா அந்த வட்டத்தை யாரையும் மிதிக்கவிடவில்லை. முடிந்த மறுநாள் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் போட்டுவிட்டு எழுந்தேன். திட்டப்போகிறார் என்று பயந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. ஆள் இளைத்திருந்தார். வழக்கம்போல நேராகப் பின்கட்டுக்குப் போனார். இரும்பு தார்ப்பாயின் கீழ் சிவப்பாகவே நின்றது. ஏன் அனுப்பவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. தனக்கு வேலை போனதையும் சொல்லவில்லை. இவர் எதிரில் வந்து நின்று, தார்ப்பாயை இழுத்து மடித்தார்.

கடைசியில் இவர் சொன்னார். "போவட்டும்கா. செவப்பாவே போவட்டும். நான் இன்னிக்கே பொட்டி மூடிட்றேன்."

எதற்கும் உடனே பதில் சொல்லியறியாத அந்த அம்மா இதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு இப்ப இடம் இல்லையே, தம்பி" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். "நீங்க சாப்டீங்களாக்கா?" என்று கேட்டார். நான் உள்ளே போய் உலை வைத்தேன். அரிசி களையும்போதே அழுதேன். இவருடைய கண்ணுக்காக அழுகிறேனா, அந்த அம்மாவுக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பின்கட்டில் அவர்கள் இரண்டு பேரும் அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது அடுப்படியிலிருந்து தெரிந்தது.